நாற்பத்தோராவது இழுப்பு

1974 அக்டோபரில் ஒரு வியாழக்கிழமை, பிற்பகல் இரண்டு மணிப் பேருந்தில் நூபார் ஷெக்கி ஊரை விட்டுக் கிளம்பினாள். வலது காலில் தலைநகர் பாகூவில் வாங்கிய பழுப்பு ஷூ. இடது காலில் யாரோ ஓர் ஆம்பிளையின், பாதம் முழுக்க மூடும் கறுப்பு ரப்பர் செருப்பு, மழைச் சேற்றுக்குப் போடுவது, அவள் பாதத்துக்கு ஒன்றரை மடங்கு பெரிது. உள்ளே பழைய செய்தித்தாளைத் திணித்திருந்தார்கள். நடக்கும்போது ஒரு கால் டக்கென்றும் மறு கால் சளப்பென்றும் சத்தம் போட்டது. முப்பத்தெட்டு வயதுப் பெண்மணி, தலைநகரத்து அகராதி அலுவலகத்தில் வேலை பார்ப்பவள், ஊர் முழுக்கப் பார்க்க இப்படிப் பேருந்தில் ஏறினாள். முகத்தில் மட்டும் புதையல் எடுத்தவளின் களை.

அவள் தங்கியிருந்த வீட்டுக்காரி கோன்ச்சா குடத்தோடு நின்றாள். ஊருக்குப் போகிறவர் திரும்பி வரவேண்டுமென்றால் பின்னாலேயே தண்ணீர் ஊற்ற வேண்டும். கோன்ச்சா குடத்தைச் சாய்க்கிற நேரம் பார்த்து ஓட்டுநர் வண்டியைப் பின்னால் எடுத்தார்.

"தள்ளி நில்லு கோன்ச்சாக்கா, வண்டி பின்னால வருது!"

"வரட்டுமே. தண்ணி ஊத்துறதுக்கு முன்னாடியே திரும்பி வருது, நல்ல சகுனம்தான!"

குடத்துத் தண்ணீரில் பாதி கடைசி சன்னலுக்குள் போய், மடியில் கஷ்கொட்டை மூட்டை வைத்திருந்த ஒருவரை நனைத்தது. அவர் இறங்கி வந்து சண்டை போட ஐந்து நிமிடம் ஆனது. அந்த ஐந்து நிமிடமும் கோன்ச்சாவின் தம்பி அபுசர், கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு, மசூதியிலிருந்து நேராக வந்தவர் போன்ற முகத்தோடு நூபாரின் சன்னலுக்குக் கீழே நின்றார்.

"போயிட்டு வாங்க டீச்சர். ஷூ கிடைச்ச உடனே தந்தி அடிக்கிறேன்."

"தேடுங்கண்ணே. நல்லாத் தேடுங்க" என்றாள் நூபார். அவளுக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. அந்த ஷூ கிடைக்காமல் இருப்பதுதான் அவளுக்கு வேண்டியிருந்தது. மடியில் ஒரு மரப்பெட்டி; உள்ளே நானூற்றுப் பன்னிரண்டு அட்டைகள். மற்ற எல்லாம் எப்படிப் போனாலும் சரி, அதில் மூன்று அட்டைகளை அவள் தன் உயிர் போனாலும் விடமாட்டாள்.

அந்த அட்டைகளுக்குக் காரணம் ஒரு வினைச்சொல். செக்மெக். செக்மெக் என்றால் இழுத்தல். மாடு வண்டியை இழுக்கிறது. அதோடு அந்தச் சொல் வீட்டுக்குப் போய்ப் படுத்திருந்தால் யாருக்கும் தொல்லையில்லை. ஆனால் அஜர்பைஜானில் சிகரெட்டை இழுக்கிறார்கள், படத்தை இழுக்கிறார்கள், பென்சிலாலும் இழுக்கிறார்கள், கேமராவாலும் இழுக்கிறார்கள். சுவர் இழுக்கிறார்கள், சாலை இழுக்கிறார்கள். கறியை எந்திரத்தில் இழுக்கிறார்கள், அது கொத்துக்கறியாக விழுகிறது. கண்ணுக்கு மை இழுக்கிறார்கள். தர்பூசணி தராசில் எட்டுக் கிலோ இழுக்கிறது. கல்யாணம் மூன்று நாள் இழுக்கிறது. பிள்ளை தாய்மாமனை இழுத்துக்கொண்டு பிறக்கிறது, மூக்கைப் பார்த்ததும் தெரிந்துவிடும். துன்பம் இழுக்கிறார்கள், வெட்கம் இழுக்கிறார்கள், காதலியின் பிகுவை வருடக்கணக்கில் இழுக்கிறார்கள். அகராதி அலுவலகத்தின் பழைய பட்டியலில் இந்தச் சொல்லுக்கு நாற்பது பொருள் இருந்தது. அதனாலேயே அதை யாரும் தொடவில்லை.

பெரிய படிப்புப் படித்தவர்கள் பெயர்ச்சொற்களை எடுத்துக்கொண்டார்கள். பறவை, மலை, கம்பளம், இனிப்பு. ஒரு புறாவைப் பற்றி எழுதிவிட்டு மாலை நான்கு மணிக்குத் தேநீர் குடிக்கலாம். செக்மெக்கைப் பற்றி அவர்கள் தேநீர் நேரத்தில் சண்டை மட்டும் போட்டார்கள். ஆதியில் இந்த வேருக்குக் கட்டி இறுக்குதல் என்றுதான் பொருள், இழுப்பதெல்லாம் பிறகு வந்தது என்றது ஒரு கட்சி. பழைய ஏடுகளில் எழுத்துக்குப் புள்ளி வைப்பதற்கே இந்தச் சொல்தான், எனவே ஆரம்பம் புள்ளியில் என்றது மறு கட்சி. இரண்டு கட்சியும் வேறு வேறு அறையில் தேநீர் குடித்தன. நடுவில், தாழ்வாரத்தில், இரண்டு கட்சியின் கையெழுத்தையும் பன்னிரண்டு வருடமாகத் தட்டச்சு செய்துகொண்டிருந்தவள் நூபார் ஷிரலியேவா. தட்டச்சு செய்யும்போதே தப்புகளையும் கேட்காமல் திருத்திவிடுவாள். திருத்தியது யாருக்கும் தெரியாது. அதைக் கண்டுபிடித்த ஒரே ஆள் தலைமைப் பதிப்பாசிரியர் முத்தலிப்.

"நூபார்ம்மா, செக்மெக்கை நீயே எடுத்துக்கோ" என்று ஒருநாள் சொன்னார். "ஊர் ஊராப் போய்க் கேட்டுட்டு வா. ஒழுங்காக் கொண்டு வந்தியானா, முன்பக்கத்துல தொகுத்தவங்க பட்டியல்ல உன் பேரும் வரும்."

"அச்சுலயா ஐயா?"

"பின்ன, கரியாலயா எழுதுவாங்க? சின்ன எழுத்துதான். ஆனா அச்சு."

நூபார் வீட்டுக்குப் போய் அம்மாவிடம் சொன்னாள். அம்மா முற்றத்தைச் சுற்றியிருந்த வீடுகளுக்கெல்லாம் சொன்னாள். அன்றைக்கே அலமாரியில் கண்ணாடிக் கிண்ணங்களை ஓரம் தள்ளி, இன்னும் அச்சாகாத ஒரு புத்தகத்துக்கு இடம் ஒதுக்கிவிட்டாள்.

முத்தலிப்பிடம் மூன்று விதி உண்டு. பொருள் என்ன என்று யாரையும் கேட்கக்கூடாது. கேட்டால் மக்கள் அழகாக யோசித்துத் தப்பாகச் சொல்வார்கள். காதில் தானாக விழ வேண்டும். புதிய பொருள் ஒன்று கிடைத்தால் மூன்று வாய், மூன்று வீடு, ஒருவர் சொல்வதை மற்றவர் கேட்டிருக்கக்கூடாது. பொய் அட்டை கொண்டு வருபவரின் பெயர் பட்டியலில் இருக்காது. இந்த மூன்றையும் நூபார் அழகான கையெழுத்தில் எழுதிப் பெட்டியின் முதல் அட்டையாக வைத்திருந்தாள். அதுதான் வினையாகிப் போனது.

ஷெக்கியில் அவள் முதலில் தேநீர்க் கடைக்குப் போனாள். ஆம்பிளைகள் பேச்சை நிறுத்திவிட்டு அவளையே பார்த்தார்கள். குழாயடிக்குப் போனாள். பெண்கள் பேச்சை நிறுத்திவிட்டு அவள் கோட்டைப் பார்த்தார்கள். மூன்றாம் நாள், ஒரு கடைவாய்ப்பல் புண்ணியத்தால், ஊர் மருத்துவமனையில் பல் பிடுங்கும் அறைக்கு வெளியே இருந்த பெஞ்சைக் கண்டுபிடித்தாள். பயத்தில் இருக்கிறவர்கள் வாய் மூடுவதில்லை. அடுத்த ஆள் உள்ளே போய் அலறுகிற நேரத்தில் வெளியே இருப்பவர்கள் மருமகளிலிருந்து மாட்டுத்தீவனம் வரை எல்லாம் பேசினார்கள். தவிர, அங்கே பல்லையும் இழுக்கத்தான் செய்தார்கள். முதல் நாளே இருபத்திரண்டு அட்டை.

பிடுங்குகிறவர் அபுசர். நாற்பத்தைந்து வயது, மனைவியை இழந்தவர், தச்சனைப் போல முன்கை. ஒருமுறை சந்தை மேலாளரின் பல்லைப் பிடுங்கிவிட்டு, தட்டில் ஒரு குதிரைப்பல்லை வைத்து "நல்லவேளை சமயத்துக்கு வந்தீங்க" என்று காட்டினார். மேலாளர் இரண்டு வாரம் கண்ணாடி முன்னால் வாயைத் திறந்து வைத்துக்கொண்டு அலைந்தார். ஷெக்கியில் இதற்காக ஒருவரை யாரும் திட்டுவதில்லை. கல்யாண விருந்தில் நல்ல இடத்தில் உட்கார வைப்பார்கள்.

"பெட்டியை இங்க வச்சிட்டுப் போங்க டீச்சர்" என்றார் அவர் இரண்டாம் நாள், நூபார் சாப்பிடக் கிளம்பியபோது. கையில் நோட்டு வைத்திருக்கிற பெண் எல்லாருமே அவருக்கு டீச்சர். "இந்த ஊர்லயே பத்திரமான இடம் என் ரூம்தான். ஆசைப்பட்டு ஒருத்தனும் உள்ள வரமாட்டான்."

அவள் வைத்துவிட்டுப் போனாள். அபுசர் முதல் அட்டையைப் படித்தார். மூன்று விதியையும் இரண்டு தடவை படித்தார். பிறகு கை கழுவிக்கொண்டு, யோசித்தபடியே, ஒருவருக்குத் தப்பான பல்லைப் பிடுங்கப் போய்விட்டார்.

திங்கட்கிழமை. ரொட்டிக் கடைக்காரரின் மனைவி வீங்கிய கன்னத்தோடு வந்து நூபாருக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, எதிரே இருந்தவளிடம் சொன்னாள்: "நேத்து சம்பந்தியம்மா அஞ்சு மணிக்கே எந்திரிச்சிட்டா. விடுவேனா நான்? இழுத்துட்டேன்ல. ராத்திரிச் சாப்பாடு முடியற வரைக்கும் ஒத்தைக்கால்லயே நின்னா, பாவம்."

நூபாரின் பென்சில் நின்றது. இழுத்துட்டேனா? எதை? ஒற்றைக் காலா? கேட்கக்கூடாது. நாக்கைக் கடித்துக்கொண்டு எழுதினாள்.

புதன்கிழமை. பட்டு ஆலைக் காவல்காரர், வாயில் பஞ்சோடு: "வாத்தியாரு நம்ம வீட்டு விசேஷத்துக்கு வந்தாரு. கிளம்பறேன் கிளம்பறேன்னாரு. பசங்க இழுத்துட்டாங்க. மறுநா காலைல ஷூவு கோழிக்கூட்டுல கெடந்துச்சு, உள்ள ஒரு முட்டை."

அந்த முட்டையைக் கேட்டபோதுதான் நூபாருக்கு உடம்பு சிலிர்த்தது. வீட்டு வாசலில் கழற்றி வைத்த விருந்தாளியின் காலணியில் ஒன்றை ஒளித்து வைத்து, அவரைப் போகவிடாமல் செய்வது. அதற்கு இந்த ஊரில் 'இழுத்தல்' என்று பெயர். எந்த அகராதியிலும் இல்லை. இரண்டு வாய், இரண்டு வீடு. இன்னும் ஒன்று வேண்டும்.

சனிக்கிழமை மூன்றாவது வந்தது. ஊரின் மறுகோடியிலிருந்து ஒரு பள்ளித் தலைமையாசிரியை, கண்ணாடி போட்டவள், சிரித்தே பழக்கமில்லாத உதடு. யார் முகத்தையும் பார்க்காமல் சொன்னாள்: "விருந்தாளியை இழுக்கற இந்தக் கெட்ட வழக்கத்தை முதல்ல நிறுத்தணும். போன மாசம் கல்வி அதிகாரி வந்திருந்தார். அவரையும் இழுத்திருக்காங்க. எவ்வளவு அவமானம்!"

பொய்க்குச் சாட்சி சொல்வதில் ஷெக்கிக்காரர்களின் நுட்பம் இங்கேதான் இருக்கிறது. முதல் ஆள் பெருமை பேசுவார், இரண்டாமவர் முட்டை வைப்பார், மூன்றாமவர் கண்டிப்பார். தலைமையாசிரியை அபுசருக்குப் பெரியம்மா மகள். நூபாருக்கு அது எப்படித் தெரியும்?

அவள் கிளம்புவதற்கு முந்தின நாள் இன்னொன்றும் நடந்தது. அதுவும் அட்டையில் ஏறியது, ஆனால் சாதாரண அட்டையாக. மதியம் கோன்ச்சா தம்பிக்குச் சாப்பாடு கொண்டு வந்தாள். கதவு பாதி திறந்திருந்தது. பெஞ்சில் நூபாரைத் தவிர யாருமில்லை.

"என்னடா, சோத்தை வச்சிட்டு சன்னலையே பாத்துக்கிட்டு நிக்கிற? வெளிய என்ன இருக்கு?"

"ரோடு இருக்குக்கா."

"அது நேத்தும் இருந்துச்சே."

"கண்ணு ரோட்டை இழுக்குதுக்கா" என்றார் அபுசர். இம்முறை அவர் குரலில் விளையாட்டு இல்லை. "ஆளு இன்னும் கிளம்பவே இல்ல. அதுக்குள்ள இழுக்க ஆரம்பிச்சிருச்சு."

கண் சாலையை இழுப்பது என்றால் ஒருவர் வரவுக்காக வழி பார்த்துப் பார்த்துக் கிடப்பது. பழைய பட்டியலில் முப்பத்து மூன்றாம் பொருள், புதிதல்ல. ஆனால் ஆள் கிளம்பும் முன்பே ஒருவருக்கு இழுத்ததாக இதுவரை யாரும் எழுதி வைக்கவில்லை. நூபார் எழுதினாள். இடம், தேதி, சொன்னவர் பெயர், வயது. எந்த ஆள் என்று கேட்கவில்லை. விதி அப்படி. காது மட்டும் கொஞ்சம் சிவந்தது, அதை அட்டையில் குறிக்கத் தேவையில்லை.

மறுநாள் காலை எட்டு மணிப் பேருந்துக்கு அவள் வாசலுக்கு வந்தபோது வலது ஷூ இருந்தது, இடது ஷூ இல்லை.

வீடே தேடியது. கோன்ச்சா அடுப்புக்குள் தேடினாள். அபுசர் வேலையை விட்டு ஓடிவந்து, தேநீர் கொதிகலத்தின் மூடியைத் திறந்து உள்ளே பார்த்தார். "இதுல இருக்காதுண்ணே" என்றாள் நூபார். "நீங்க இப்படித்தான் சொல்வீங்க, அங்கதான் இருக்கும்" என்று கோழிக்கூட்டுக்குப் போனார். கோழிக்கூட்டிலிருந்து ஒரு முட்டையோடு திரும்பினார், மிகவும் வருத்தமாக. எட்டு மணி வண்டி போயிற்று. "போனது போச்சு, சாப்பிட்டுத்தான் போகணும்" என்று கோன்ச்சா மண்சட்டியில் ஆட்டுக்கறியும் கொண்டைக்கடலையும் வேகவைத்தாள். முதலில் ரொட்டியைப் பிய்த்துப் போட்டு ரசத்தை ஊற்றிச் சாப்பிட வேண்டும், பிறகு கறியை மசித்து. இரண்டு சாப்பாட்டு நேரம் பிடிக்கும் சாப்பாடு.

நூபார் ரசத்தைக் குடித்தபடி உள்ளுக்குள் பாடிக்கொண்டிருந்தாள். மூன்று சாட்சி சொன்னது இப்போது அவளுக்கே நடக்கிறது! இப்படியொரு பாக்கியம் எந்த அகராதிக்காரருக்குக் கிடைத்திருக்கிறது? இன்னும் இரண்டு நாள் கூடத் தேட விட்டிருப்பாள். ஆனால் அட்டைகளை வெள்ளிக்கிழமை ஒப்படைக்க வேண்டும். ஷூ இல்லாமல் ஒரு பெண் பாகூவுக்குப் போகமாட்டாள் என்று கணக்குப் போட்டவர்களுக்கு அவளைத் தெரியவில்லை.

"ஏதாவது ஒரு செருப்புக் குடுங்கக்கா, இடது காலுக்கு."

கோன்ச்சா தம்பியின் காலைப் பார்த்தாள். பிறகு அபுசர் குனிந்து, தன் இடது கால் ரப்பர் செருப்பைக் கழற்றி, துடைத்து, அவள் முன்னால் வைத்தார். அன்று மழை பெய்திருந்தது. பேருந்து நிலையம் வரைக்கும் அவர் எப்படி நடந்து வந்தார் என்பதை நூபார் கவனித்திருக்கலாம். அவள் அட்டைப் பெட்டியைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

முத்தலிப் மூன்று அட்டைகளையும் விளக்குக்கு நேரே பிடித்துப் படித்தார், கள்ளநோட்டைப் பார்ப்பது போல. "நாப்பத்தொண்ணு" என்றார். இரண்டு கட்சிக்காரர்களும் முதல் தடவையாக ஒரே அறைக்கு வந்து பார்த்தார்கள். மார்ச் மாதம் முன்பக்கத்தின் அச்சுப்படி வந்தது. பதினேழு பெயர்களுக்குக் கீழே, சின்ன எழுத்தில், நூ. ஷிரலியேவா. அவள் அந்தத் தாளை நான்காக மடித்துக் கைப்பையில் வைத்துக்கொண்டு ஒரு வாரம் சுற்றினாள்.

அச்சுக்கூடத்தில் ஈய எழுத்துக் கோக்கிறவர் ஹிலால். எழுத்தைத் தலைகீழாகவும் கண்ணாடி பிம்பமாகவும் படிப்பவர். செக்மெக் பக்கம் மறுநாள் காலை அச்சுக்காகச் சட்டத்தில் பூட்டப்பட வேண்டும்; பிறகு திருத்த முடியாது. நூபார் கடைசியாகச் சரிபார்க்க வந்து நின்றாள். ஹிலால் நாற்பத்தோராவது பொருளில் விரலை வைத்தார். உதடு அசைந்தது. பிறகு தோள் குலுங்கியது.

"என்னண்ணே, எழுத்துத் தப்பா?"

"எழுத்தெல்லாம் சரிதான். ஷெக்கின்னு போட்டிருக்கு?"

"ஷெக்கிதான்."

"நான் பொறந்த ஊருக்கா அது. முப்பது வயசு வரைக்கும் அங்கதான் இருந்தேன். ஷூவை ஒளிச்சு வைக்கறதுக்குன்னு எங்க ஊர்ல தனியா ஒரு சொல்லா? யாரு சொன்னது?"

"மூணு பேரு. மூணு வீடு."

"எங்க வச்சுச் சொன்னாங்க?"

"பல் பிடுங்கற ரூம் பெஞ்சுல."

ஹிலால் கையிலிருந்த ஈயத்தைக் கீழே வைத்தார். "அபுசரா!" என்றார். அந்த ஒரு பெயரில் பயமும் பெருமையும் பாதிப் பாதி இருந்தன. "அக்கா, குதிரைப்பல் கதை கேட்டிருக்கீங்களா?"

"கேட்டிருக்கேன்."

"கேட்டுமா பெட்டியை அந்தாளு கைல குடுத்தீங்க?"

பெட்டியைக் கொடுத்ததை அவள் அவரிடம் சொல்லவே இல்லை. சொல்லாமலேயே அவருக்குத் தெரிந்துவிட்டது, ஊர்க்காரர் அல்லவா. நூபார் அங்கிருந்த ஸ்டூலில் உட்கார்ந்தாள். பெருமை, முட்டை, கண்டிப்பு. மூன்றும் வரிசையாக நினைவில் வந்தன. கொதிகலத்தின் மூடியைத் திறந்து எட்டிப் பார்த்த அந்த முகமும் வந்தது.

ஹிலால் குரலைத் தாழ்த்தினார். "இப்ப என்ன ஆயிருச்சு? எனக்கும் உங்களுக்கும்தான் தெரியும். ஷெக்கிக்காரன் ஊர்ப் பொய்யைக் காட்டிக் குடுக்கமாட்டான். சத்தியமாச் சொல்றேன், அச்சுல வந்தா எனக்குச் சந்தோஷம்தான். நாளைக்குக் காலைல பூட்டிருவேன். நீங்க உங்க பேரோட இருக்கலாம்."

நூபார் வீட்டுக்குப் போனாள். அம்மா அலமாரியில் ஒதுக்கிய இடத்தைத் துடைத்துக்கொண்டிருந்தாள். தூசு படியாமல் இருக்க அங்கே ஒரு கைக்குட்டை விரித்திருந்தாள். அந்தக் கைக்குட்டையைப் பார்த்தபோதுதான் நூபாருக்குக் கண் கலங்கியது. அவமானத்துக்கோ அபுசர் மேல் கோபத்துக்கோ அல்ல. சொல்லிவிடப் போகிறோம் என்று அவளுக்கே அப்போதுதான் தெரிந்தது. பன்னிரண்டு வருடம் யாரும் பார்க்காதபோது தப்பைத் திருத்தியவளுக்கு, எல்லாரும் பார்க்கும்போது ஒன்றை விட்டுவைக்கக் கை வரவில்லை.

காலையில் முத்தலிப்பின் மேசையில் மூன்று அட்டைகளையும் வைத்தாள். "பொய் ஐயா. மூணும்."

அவர் முழுக்கக் கேட்டார். முடிவில் ஒரே கேள்வி கேட்டார்.

"ஷூ நிஜமாவே போச்சா?"

"போச்சு ஐயா."

"திரும்பி வரவே இல்ல?"

"இல்ல."

அவர் சன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். முதுகு குலுங்கியது. கைக்குட்டையை எடுத்துக் கண்ணைத் துடைத்துவிட்டுத் திரும்பியபோது முகம் பழைய முகமாகியிருந்தது. "இந்தப் புத்தகத்துல ஒத்தைக் கவிஞனை மட்டும் சாட்சியா வச்சு எத்தனை பொருள் போட்டிருக்கோம் தெரியுமா? அவன் எவனும் பல்வலியோடகூட வந்து சொல்லல." கொஞ்ச நேரம் அட்டைகளைத் தட்டிக்கொண்டிருந்தார். "ஆனா விதி எழுதினவன் நான். நாப்பத்தொண்ணை எடுத்துரு. முன்பக்கத்துலேர்ந்து..."

"தெரியும் ஐயா. அதையும் நானே ஹிலால் அண்ணன்கிட்டச் சொல்லிடறேன்."

அச்சுக்கூடத்தில் ஹிலால் இரண்டையும் எடுத்தார். பெயர் எடுத்த இடம் தெரியவில்லை. அது கடைசி வரி. பொருள் எடுத்த இடத்தில் நாலு வரி ஓட்டை விழுந்தது.

"எதையாவது குடுங்கக்கா, நாலு வரிக்கு. இல்லன்னா பின்னாடி இருக்கற அறுபது பக்கமும் நகரணும். என் இடுப்பு தாங்காது."

நூபார் பெட்டியைத் திறந்தாள். நானூற்றுச் சொச்ச அட்டைகளில் எதை வேண்டுமானாலும் எடுத்திருக்கலாம். தர்பூசணி இருந்தது, கொத்துக்கறி இருந்தது. அவள் கை முப்பத்து மூன்றாம் பொருளுக்குப் போயிற்று. உதாரண வாக்கியமாக அந்த ஒரு அட்டையைக் கொடுத்தாள். அக்காவின் சோற்றுப் பேச்சை நீக்கினால் சரியாக நாலு வரி. ஹிலால் எழுத்தெழுத்தாகக் கோத்து, தலைகீழாகப் படித்தார்.

"கண் சாலையை இழுக்கிறது. ஆள் இன்னும் கிளம்பவே இல்லை, அதற்குள் இழுக்க ஆரம்பித்துவிட்டது. ஷெக்கி, பேச்சு வழக்கு." நிமிர்ந்தார். "இது யாரு சொன்னது?"

"அதே ஆளு."

"அப்ப இதுவும் பொய்யா இருந்தா?"

"பெட்டியைப் படிச்சவர்தான். ஆனா இதைச் சொன்னப்ப நான் வெளிய இருந்தது அவருக்குத் தெரியாது" என்றாள் நூபார்.

ஹிலால் பக்கத்தை இறுக்கிப் பூட்டினார்.

அதற்குப் பிறகு நூபார் தட்டச்சுக்குத் திரும்பவில்லை. யாருக்கும் வேண்டாத வினைச்சொற்களெல்லாம் அவள் மேசைக்கு வந்தன: விழுதல், அடித்தல், பிடித்தல். அவள் எல்லா ஊருக்கும் போனாள், ஷெக்கியைத் தவிர. போகாததற்கு அவள் அலுவலகத்தில் சொன்ன காரணம், அங்கே சாட்சிகள் நம்பகமில்லை என்பது. ரப்பர் செருப்பு வீட்டில் கதவுக்கு முட்டாக இருந்தது. அம்மா இரண்டு தடவை தூக்கிப் போட்டாள். இரண்டு தடவையும் அது திரும்பி வந்துவிட்டது. அவள் பெயர் அடுத்த தொகுதியில் வந்தது, சின்ன எழுத்தில், ஓர் எழுத்துப்பிழையோடு. அம்மா அதையே சட்டம் போட்டு மாட்டினாள்.

1981 நவம்பரில் ஷெக்கி முத்திரையோடு ஓர் அஞ்சலட்டை வந்தது. எழுத்து ஆரம்பத்தில் பெரிதாகவும், போகப் போகச் சிறுத்தும், கடைசி வரி தபால்தலையைச் சுற்றி வளைந்தும் இருந்தது.

"டீச்சர், புத்தகம் வெளிவந்த வருஷமே வாங்கிட்டேன். நம்ம பொருளைத் தேடினேன். நாப்பதோட நின்னுபோச்சு. கோவத்துல மூடி, ஆடற மேசைக் காலுக்கு முட்டுக் குடுத்துட்டேன். அஞ்சு வருஷம் அங்கதான் கிடந்துச்சு. போன வாரம் மேசையை மாத்தறப்ப எடுத்து, சும்மா இன்னொரு தடவை படிச்சேன். முப்பத்து மூணாவதைப் படிச்சேன். அப்புறம் அன்னைக்கு ஒருத்தருக்கும் பல்லுப் பிடுங்கல. என் பேர் போடாதது நல்லதாப் போச்சு, அக்கா மட்டும் கண்டுபிடிச்சிட்டா. இன்னொரு சேதி. ஸகதலா ஊர்லேர்ந்து இங்க வாக்கப்பட்டு வந்த பொண்ணு ஒண்ணு, எனக்கு முன்னப்பின்னத் தெரியாது, விருந்துல கிளம்பறவங்களைப் பாத்து 'உக்காருங்க, இல்லன்னா இழுத்துருவோம்'னு சொல்லிச்சு. நான் சொல்லிக் குடுக்கல. ஏற்கெனவே வேற ரெண்டு வீட்டுல தானா காதுல விழுந்துச்சு, இதோட மூணு வீடு. நீங்க நம்பமாட்டீங்க. நம்பவும் வேணாம், பெஞ்சு அங்கேயேதான் இருக்கு, வந்து உக்காந்து கேளுங்க. ஷூ பத்திரமா இருக்கு. அனுப்பமாட்டேன். இங்க மழை ஆரம்பிச்சாச்சு, இடது கால் நனையுது. அபுசர்."